நிதியியல் படிப்பும் அப்பாவின் காபித் தோட்டமும்

(ஏற்காட்டில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



செயலாளர் அண்ணன் போன மாதம் போன் செய்தார். "ஏப்பா, நீ மெக்கானிக்கல் படிச்சுட்டு அப்புறம் பைனான்ஸில் மாஸ்டர் டிகிரி பண்ணினவன். நம்ம பசங்க நிறையப் பேர் அதுக்குப் போகணும்னு கேக்கறாங்க. அதுல என்னதான் சொல்லித் தராங்கன்னு இருபது நிமிஷம் பேசு" என்றார். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, சந்திப்பு ஏற்காட்டில் என்று. இது என் சொந்த ஊர். இந்த ஹாலிலிருந்து பத்து கிலோமீட்டரில் எங்கப்பா இருக்கிறார். இரண்டரை ஏக்கர் காபித் தோட்டம். இப்போது அறுவடை நேரம், களத்தில் காபி காய்கிறது. அதனால் நான் படித்த பாடத்தை அந்தத் தோட்டத்தை வைத்தே சொல்லிவிடுகிறேன். புத்தகத்தைப் பார்த்துச் சொன்னால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உங்களுக்குத் தூக்கம் வந்துவிடும்!

என்னைப் பற்றி இரண்டு வரி. 2009-இல் இங்கே பட்டம் வாங்கினேன். கோயம்புத்தூர்ப் பக்கம் பம்ப் தொழிற்சாலைகளில் வேலை. 2016 முதல் 2018 வரை வார இறுதி வகுப்பில் நிதியியல் முதுகலை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் சென்னை. ரயிலில் தூங்கியதுதான் அதிகம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எந்த ஷேர் ஏறும், எது இறங்கும் என்று அங்கே யாரும் சொல்லித் தருவதில்லை. என் மாமா இன்றைக்கும் கல்யாண வீட்டில் என்னை ஓரமாகக் கூப்பிட்டு அதைத்தான் கேட்கிறார். "தெரியாதுங்க மாமா" என்றால், "அப்ப ரெண்டு வருஷம் என்னத்தப் படிச்ச?" என்கிறார். நியாயமான கேள்வி. அதற்குத்தான் இந்தப் பேச்சு.

லாபம் வேறு, காசு வேறு

முதல் செமஸ்டரில் கணக்குப் பதிவியல். நம்ம இஞ்சினியர்களுக்குப் பற்று, வரவு என்றாலே ஒரு இளக்காரம் உண்டு. எனக்கும் இருந்தது. மூன்றாவது வாரத்தில் போய்விட்டது.

எங்கப்பாவிடம் ஒரு நீல அட்டை நோட்டு உண்டு. வந்தது, போனது இரண்டு மட்டும் எழுதியிருப்பார். சின்ன வயதில் எனக்கு ஒரு சந்தேகம். நல்ல விளைச்சல் வந்த வருஷத்தில் கூட ஜூன் மாதம் ஸ்கூல் பீஸுக்கு ஏன் கடன் வாங்குகிறார்? காபியின் வழி அது. மார்ச், ஏப்ரலில் பூ மழை பெய்ய வேண்டும். பழம் பறிப்பது நவம்பரிலிருந்து ஜனவரி, பிப்ரவரி வரை. காசு வருவது அதற்கும் பிறகு. ஆனால் களையெடுப்பு, உரம், நிழல் மரம் கழிப்பது எல்லாம் வருஷம் முழுக்க. புதிதாகச் செடி வைத்தால் மூன்று நான்கு வருஷத்துக்கு ஒரு பழமும் கிடையாது, செலவு மட்டும்தான்.

அந்தக் காலத்தில் இன்னொன்றும் இருந்தது. 1942-ஆம் வருஷக் காபிச் சட்டத்தின்படி விவசாயி விளைந்த காபியைக் காபி போர்டின் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டும். போர்டு விற்க விற்கத் தவணை தவணையாகப் பணம் வரும். ஒரு வருஷக் கணக்கு முடிவதற்குள் அடுத்த வருஷம் பாதி ஓடிவிடும். வீட்டில் லாபம் இருந்தது, கையில் காசு இல்லை. லாபக் கணக்கு ஒரு தாள், பண ஓட்டக் கணக்கு இன்னொரு தாள் என்று வகுப்பில் சொன்னபோது, என் பக்கத்தில் இருந்த வங்கி அதிகாரிக்கு அது சூத்திரம். எனக்கு அது ஜூன் மாதத்து அம்மாவின் முகம்.

இதில் வேறொரு பாடமும் உண்டு. தாளில் எழுதியிருப்பது உண்மையா என்று பார்ப்பது. நான் பட்டம் வாங்கிய அதே 2009, ஜனவரி 7-ஆம் தேதி சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ஒரு கடிதம் எழுதினார். வங்கியில் இருப்பதாகக் காட்டிய 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று. தாளில் லாபம் வருஷா வருஷம் ஏறியிருந்தது. காசு இருக்கிறதா என்று கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

வியாபாரி கொடுத்த முன்பணம்

இரண்டாவது பாடம், பணத்தின் காலமதிப்பு. இன்றைக்குக் கிடைக்கும் 100 ரூபாயும் அடுத்த வருஷம் கிடைக்கும் 100 ரூபாயும் ஒன்றல்ல. இது நம்ம ஊரில் சீட்டுப் போடும் எல்லோருக்கும் தெரியும். முதல் மாதமே தள்ளி எடுக்கிறவர் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறார், கடைசி மாதம் எடுக்கிறவருக்கு எவ்வளவு சேர்கிறது என்பதற்குள் முழு வட்டிக் கணக்கும் இருக்கிறது. அதை வருஷத்துக்கு இத்தனை சதவீதம் என்று ஒரே எண்ணாகக் கொண்டுவரப் படிப்பு கற்றுத் தருகிறது.

போர்டின் பிடி தளர்ந்த பிறகு ஜூன் மாதம் ஒரு வியாபாரி எங்கள் வீட்டுக்கு வருவார். செடியில் காய் பச்சையாக இருக்கும்போதே தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து மொத்தமாக விலை பேசிவிடுவார். நோட்டில் ஒரு வருஷம் இப்படி இருக்கிறது: ஜூனில் வாங்கியது 40,000. அந்தக் காபி ஜனவரியில் சந்தையில் 50,000 பெறும். ஏழு மாதத்தில் 40,000-க்கு 10,000. நம்ம ஊர்க் கணக்கில் மூன்றரை வட்டிக்கு மேலே. வட்டிக்கு வட்டி போட்டு வருஷத்துக்குக் கொண்டுவந்தால் 46 சதவீதத்தைத் தாண்டுகிறது. வகுப்பில் இதைப் போட்டுப் பார்த்த அன்று எனக்குக் கோபம் தாங்கவில்லை. அந்த வியாபாரியைக் கந்துவட்டிக்காரர் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

ஆனால் அடுத்த செமஸ்டரில் அந்தக் கோபத்தைப் பாதி திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டி வந்தது. அந்த 10,000-த்தில் மூன்று சரக்கு ஒன்றாகக் கட்டியிருக்கிறது. ஒன்று, ஏழு மாதத்துக்கான வட்டி. இரண்டு, விலை இறங்கினால் நஷ்டம் அவருக்கு. மூன்று, மழை பொய்த்து விளைச்சல் குறைந்தாலும் நஷ்டம் அவருக்கு. நோட்டைப் பின்னாலேயே புரட்டினேன். ஒரு வருஷம் அவர் ஜூனில் 30,000 கொடுத்திருக்கிறார். பழம் பறிக்கும்போது அந்தக் காபி 20,000-க்குத்தான் போனது. நஷ்டம் அவர் தலையில். அதற்கு அடுத்த வருஷம் அவர் வரவே இல்லை.

அவர் நல்லவரா கெட்டவரா என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. மூன்று சரக்கையும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விலை கேட்கத் தெரிந்திருந்தால் எங்கப்பா பேரம் பேசியிருப்பார். வட்டிக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க் கடன் கேட்டிருக்கலாம். விலைக்கு மட்டும் வியாபாரியிடம் போயிருக்கலாம். ஒன்றாகக் கட்டியதைப் பிரித்துப் பார்ப்பதுதான் இந்தப் படிப்பின் பெரும்பகுதி. இன்றைக்கு இன்சூரன்ஸும் சேமிப்பும் ஒன்றாகக் கட்டி விற்கிறார்களே, அதையும் இப்படித்தான் பிரிக்க வேண்டும்.

நியூயார்க்கில் விலை, ஏற்காட்டில் விளைச்சல்

சேர்வராயன் மலைக்குக் காபி 1820-களில் வந்தது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து நட்டார். அப்போது முதல் இன்று வரை மழையும் வேலையும் இங்கேதான். ஆனால் எங்கள் அராபிகா வகைக்கு விலை பேசுவது நியூயார்க் முன்பேரச் சந்தையில்.

பேச்சுக்கு இரண்டு எண் சொல்கிறேன். 2001 கடைசியில் அங்கே ஒரு பவுண்டு காபி 50 சென்டுக்குக் கீழே போனது. அன்றைய டாலர் மதிப்பில் ஒரு கிலோவுக்குச் சுமார் 50 ரூபாய். 2024 டிசம்பரில் 1977-ஆம் வருஷச் சாதனை விலையையே தாண்டியது. 2025 பிப்ரவரியில் பவுண்டு 4 டாலருக்கு மேல். அதாவது கிலோ 760 ரூபாய் அளவு. அதே மலை, அதே செடி.

போர்டின் தொகுப்பு முறை இருந்தவரை எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே சராசரி விலை. அது ஒரு வகை இன்சூரன்ஸ். உச்ச விலை கிடைக்காது, பாதாளத்திலும் விழ மாட்டோம். 1992-இல் தொடங்கிப் படிப்படியாகத் தளர்த்தி 1996-இல் எல்லோரும் முழுவதும் வெளியே விற்கலாம் என்றார்கள். 1994-இல் பிரேசிலில் உறைபனி விழுந்து விலை எகிறியிருந்த சமயம் அது. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். இன்சூரன்ஸையும் சேர்த்துத்தான் விட்டுவிட்டோம் என்பது 2001-இல் தெரிந்தது.

"முன்பேரச் சந்தையில் விலையை முன்கூட்டியே பூட்டிக்கொள்ளலாமே" என்று புத்தகம் சொல்லும். சொன்னது சரி. ஆனால் நியூயார்க்கில் ஒரு ஒப்பந்தத்தின் அளவு 37,500 பவுண்டு, சுமார் 17 டன். எங்கள் தோட்டத்தில் நல்ல வருஷத்தில் 400 கிலோ. ஒரே ஒரு ஒப்பந்தத்துக்கு எங்கப்பாவின் நாற்பது வருஷ விளைச்சல் வேண்டும்! கருவி இருக்கிறது, நம்ம கைக்கு அடக்கமாக இல்லை. இருநூறு சிறு விவசாயிகள் சேர்ந்து ஒரு சங்கமாக நின்றால் கொஞ்சம் அடங்கும். இதுவும் நிதியியல் பாடம்தான்.

அப்பா வேறு வழி வைத்திருந்தார். நிழலுக்கு நின்ற சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றினார். காபி விழுந்த வருஷம் மிளகும் விழ வேண்டும் என்று கட்டாயமில்லை. ஹாரி மார்க்கோவிட்ஸ் என்ற அமெரிக்கர் 1952-இல் எழுதிய கட்டுரையில் இதையே கணிதமாக்கினார். 1990-இல் நோபல் பரிசு கிடைத்தது. எங்கப்பாவுக்கு மிளகு கிடைத்தது. ஆனால் மார்க்கோவிட்ஸ் கணக்கில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. இரண்டும் ஒன்றாக விழும் காரணம் இருந்தால் பிரித்து வைத்தும் பயனில்லை. மழை பொய்த்தால் காபியும் போகும், மிளகும் போகும். அதனால்தான் என்னைப் படிக்க அனுப்பினார் என்று நினைக்கிறேன். அந்தத் தோட்டத்தில் மழையை நம்பாத ஒரே பயிர் நான்தான்.

நம்ம மெக்கானிக்கல் பசங்களுக்கு ஒரு நல்ல செய்தி. 1973-இல் வந்த பிளாக்-ஷோல்ஸ் சமன்பாடு என்று ஒன்று உண்டு. ஆப்ஷனுக்கு, அதாவது வாங்கும் அல்லது விற்கும் உரிமைக்கு, விலை போடும் சமன்பாடு. அதை மாறிகளை மாற்றிப் போட்டால் நாம் மூன்றாம் செமஸ்டரில் படித்த வெப்பக் கடத்தல் சமன்பாடாகிவிடும். வங்கிக்காரர்கள் மிரண்டு உட்கார்ந்திருந்த அன்று நான் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தேன். கணிதத்தைப் பார்த்து நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. புள்ளியியலை மட்டும் ஒழுங்காகப் படித்துவிட்டுப் போங்கள்.

நான் போட்ட கணக்கு

இனி நான் தோற்ற கதை.

2019-இல் புதுப் பட்டத்தோடு ஊருக்கு வந்தேன். காட்டேஜ் கட்டுவதற்காக ஒருவர் எங்கள் நிலத்தை 40 லட்சத்துக்குக் கேட்டிருந்தார். லேப்டாப்பைத் திறந்து கணக்குப் போட்டேன். பேங்கில் 7 சதவீத வட்டி என்றால் வருஷம் 2,80,000. தோட்டத்தில் காபி, மிளகு எல்லாம் சேர்த்துச் செலவு போக நிற்பது சராசரி 90,000. தண்டுத்துளைப்பான் வேறு செடிகளைத் தின்றுகொண்டிருந்தது. "வித்துடலாங்கப்பா. வருஷா வருஷம் 1,90,000 நஷ்டத்துல தோட்டம் வச்சிருக்கீங்க" என்றேன். பெரிய நிபுணர் மாதிரி.

அப்பா திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் கேட்டார். "கண்ணு, இன்னிக்கு விக்கலைன்னா நாளைக்கு விக்கலாம். இன்னிக்கு வித்துட்டா நாளைக்கு வாங்க முடியுமா?"

நண்பர்களே, இரண்டு வருஷம் ரயிலேறிப் போய்ப் படித்த பாடத்தில் ஒரு முழு அத்தியாயம் அது. திரும்பப் பெற முடியாத முடிவை எடுக்கும்போது, காத்திருக்கும் உரிமைக்கென்று தனியாக ஒரு மதிப்பு உண்டு. ஸ்டூவர்ட் மையர்ஸ் என்ற பேராசிரியர் 1977-இல் அதற்கு உண்மைச் சொத்தின் மேலான ஆப்ஷன் என்று பேர் வைத்தார். பரீட்சையில் அதற்கு நல்ல மார்க் வாங்கினவன் நான். சொந்த வீட்டுக் கணக்கில் அதைச் சேர்க்க மறந்துவிட்டேன்.

பிறகு என்ன ஆயிற்று? காபி விலை ஏறியது என்று முன்பே சொன்னேன். ஆனால் துளைப்பான் தின்றது போக மிச்சமிருந்த செடியில் சென்ற வருஷம் எங்களுக்கு நின்றது 2,20,000. அந்த நல்ல வருஷத்தில் கூடப் பேங்க் வட்டியை எட்டவில்லை. ஆறு வருஷம் விட்ட வருமானத்தை வட்டியோடு கூட்டினால் 12 லட்சத்தைத் தாண்டுகிறது. காத்திருந்ததற்குக் கொடுத்த விலை அது, சும்மா கிடைக்கவில்லை. இன்னொரு பக்கம், அதே ஆள் சென்ற வருஷம் மறுபடி வந்து 65 லட்சம் என்றார். கூட்டிக் கழித்தால் இந்த முறை அப்பா ஜெயித்தார். விலை ஏறாமலே போயிருக்கலாம். அப்போதும் அவர் 2019-இல் கேட்ட கேள்வி சரியான கேள்விதான். முடிவு நல்லபடியாக வந்ததை வைத்து, முடிவெடுத்த விதத்தை எடை போடாதீர்கள் என்பதும் எங்கள் பாடத்தில் உண்டு.

யாரால் காத்திருக்க முடியும்?

ஆனால் என் மனதை உறுத்துவது வேறு. 2019-இல் அப்பாவால் காத்திருக்க முடிந்தது, ஏனென்றால் கடன் இல்லை. 2001-இல் எங்களைச் சுற்றியிருந்த பலரால் முடியவில்லை. விலை ஏறிய சமயத்தில் கடன் வாங்கிச் செடி வைத்தவர்கள், வீடு கட்டியவர்கள். காபி ஒரு நாள் திரும்ப ஏறும் என்று அவர்களுக்கும் தெரியும். கணிப்பு தப்பில்லை. ஆனால் தவணைத் தேதி காபி விலைக்காகக் காத்திருக்காது. இருந்ததிலேயே மோசமான விலையில் நிலத்தைக் கொடுத்துவிட்டுச் சேலம், திருப்பூர் என்று இறங்கினார்கள். என்னோடு ஆறாம் வகுப்பு படித்த ஒருவன் அப்படிப் போனவன்தான். அந்த இரண்டு வருஷமும் எங்கப்பா விடிகாலை பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலத்தில் ஒரு லாரி ஷெட்டில் கணக்கு எழுதப் போனார். இரவு ஒன்பது மணிக்கு மேலேறி வருவார். அந்தச் சம்பளம்தான் நிலத்தைக் காப்பாற்றியது.

இதே கதை நியூயார்க் பக்கத்திலும் நடந்தது. லாங் டெர்ம் கேப்பிடல் மேனேஜ்மென்ட் என்று ஒரு நிதி நிறுவனம். ஆப்ஷன் விலைக் கணிதத்துக்காக 1997-இல் நோபல் பரிசு வாங்கிய மெர்ட்டன், ஷோல்ஸ் இருவரும் அதில் பங்குதாரர்கள். தங்கள் சொந்த முதலைப் போல் பல மடங்கு கடன் வாங்கிப் போட்டிருந்தார்கள். 1998-இல் ரஷ்யா கடனைத் திருப்பித் தர முடியாது என்றதும் சந்தை எதிர்ப்பக்கம் ஓடியது. சில மாதங்களில் 400 கோடி டாலருக்கு மேல் போயிற்று. கடைசியில் 14 வங்கிகள் சேர்ந்து 360 கோடி டாலர் போட்டுக் கைப்பற்ற வேண்டி வந்தது. அவர்கள் கணிப்பில் பல, பின்னால் சரியாகத்தான் வந்தன. காத்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். நோபல் பரிசுக்காரருக்கும் எங்கள் பக்கத்துத் தோட்டக்காரருக்கும் அந்த இடத்தில் வித்தியாசம் இல்லை.

இரண்டு வருஷத்தில் நான் படித்ததைச் சுருக்கினால் நான்கு கேள்விகள். பணம் எப்போது வரும்? எவ்வளவு நிச்சயம்? நஷ்டம் வந்தால் யார் தலையில்? அதுவரை என்னால் காத்திருக்க முடியுமா? கூடவே சட்டமும் ஒழுக்கமும் வைத்திருக்கிறார்கள், அங்கே ஐந்தாவது கேள்வி: இந்த வருமானம் எங்கிருந்து வருகிறது? 1990-களில் தமிழ்நாட்டில் நிதி நிறுவனங்கள் வரிசையாக மூடியதால் 1997-இல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டமே கொண்டுவர வேண்டி வந்தது. அப்படியும் 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி என்று ஆயிரக்கணக்கானோர் பணம் போட்டு நின்றார்கள். அந்தக் கோழியின் முட்டையையும் கறியையும் யார், எந்தக் கடையில், என்ன விலைக்கு வாங்குகிறார்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அதற்குப் பட்டம் தேவையில்லை. பட்டம் வாங்கியவர்களும் கேட்கவில்லை.

தம்பி தங்கைகளுக்கு

இந்தப் படிப்புக்குப் போகலாமா? போங்கள். கணக்கில் ஆசை இருந்தால், மூன்று வருஷமாவது வேலை பார்த்துவிட்டுப் போனால் இன்னும் நன்றாகப் புரியும். ஆனால் வெளிநாட்டுக் கல்லூரிக்கு 40 லட்சம் கடன் என்று ஒரு தங்கை காலையில் கேட்டாள். அந்தப் படிப்பும் ஒரு முதலீடுதான். பீஸ் மட்டும் செலவில்லை, இரண்டு வருஷச் சம்பளம் விடுகிறாயே, அதுவும் செலவு. படிக்கும்போதே வட்டி ஏறும். வேலை கிடைக்க ஒரு வருஷம் தாமதமானால் தவணையை யார் கட்டுவார்கள் என்று இன்று இரவே ஒரு தாளில் எழுதிப் பார், அம்மா. எழுதிய பிறகும் சரி என்று பட்டால் தைரியமாகப் போ. அந்தத் தாள்தான் உன் முதல் அசைன்மென்ட்.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2009-இல் நான் அந்த இடத்தில் நின்றவன். அதற்கு முந்தின வருஷம் அமெரிக்க வங்கிகள் விழுந்ததில் கம்பெனிகள் ஆள் எடுப்பதையே குறைத்திருந்தன. எனக்குக் கல்விக் கடன் இருந்தது. முதலில் கூப்பிட்ட இடத்தில், இரண்டு வருஷம் விலக மாட்டேன் என்று பத்திரம் எழுதிக்கொடுத்து, சொன்ன சம்பளத்துக்குச் சேர்ந்தேன். என் ரூம்மேட்டுக்குக் கடன் இல்லை. எட்டு மாதம் பொறுத்திருந்து, அவன் படித்த டிசைன் துறையிலேயே நல்ல வேலையில் சேர்ந்தான். மார்க் எனக்குத்தான் அதிகம். அவன் இதோ, நான்காவது வரிசையில் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

அதனால் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நாம் வருஷா வருஷம் முதல் மார்க் வாங்கியவருக்குப் பதக்கம் தருகிறோம், நல்லது. கூடவே ஒரு சிறு நிதி ஆரம்பிப்போம். கடைசி வருஷம் முடித்த பிறகு, வீட்டில் முடியாத பிள்ளைக்கு ஆறு மாதம், மாதம் 8,000 ரூபாய், வட்டியில்லாக் கடனாக. வேலைக்குப் போன பிறகு திருப்பித் தரட்டும். திரும்பி வந்த பணம் அடுத்த பிள்ளைக்கு. பத்துப் பேருக்கு 4,80,000 ஆகும். கொஞ்சம் திரும்பாமலும் போகும், அதையும் கணக்கில் வைத்துத்தான் கேட்கிறேன். முதல் 50,000 என்னுடையது. செயலாளர் அண்ணனிடம் காசோலையைக் கொடுத்துவிட்டேன்.

காலையில் கிளம்பும்போது அப்பா களத்தில் காபியைக் கிளறிக்கொண்டிருந்தார். "என்ன கண்ணு பேசப் போற?" என்றார். "உங்களைப் பத்தித்தாங்கப்பா" என்றேன். "என்னைப் பத்திப் பேச என்ன இருக்கு? சாயங்காலம் மழை வர்ற மாதிரி இருக்கு, சீக்கிரம் வந்து சாக்கைப் போட்டு மூட ஒத்தாசை பண்ணு" என்றார். வெளியே மேகம் கூடுவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. அதனால் தேநீருக்கு நிற்க முடியாது, மன்னிக்க வேண்டும். நாளைக் காலையில் இறங்குவதற்கு முன் வழி இருப்பவர்கள் வீட்டுக்கு வாருங்கள். எங்கள் தோட்டத்துக் காபி தருகிறேன்.